கோழிப் பண்ணைகளில் மருந்தெதிர்ப்பு: தடை உத்தரவுகள் உள்ளன, மருந்துக் கணக்கு இல்லை

புதுதில்லி: உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனச் சேர்க்கைகளிலும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைப் பயன்படுத்துவதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலை மாதம் தடை விதித்தது. 2025-இல் குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளும் இதேபோல் தடை செய்யப்பட்டன. இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் இருக்கக்கூடிய மருந்து எச்சங்களுக்கான வரம்புகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கடுமையாக்கியது. அவை 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன.

ஏட்டளவில் பார்த்தால் இந்தியாவின் விதிகள் படிப்படியாக இறுகி வருகின்றன. ஆனால், நாட்டின் கோழிப் பண்ணைகளில் ஓராண்டில் எந்தெந்த ஆன்டிபயாடிக் மருந்துகள் எவ்வளவு பயன்படுத்தப்படுகின்றன என்ற எளிய கேள்விக்குப் பொதுவெளியில் அதிகாரபூர்வமான பதில் இல்லை. எச்சத்துக்கு வரம்பு உண்டு. சில மருந்துகளுக்குத் தடை உண்டு. விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் கணக்கு இல்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும் முயற்சியில் இந்தியா எதிர்கொள்ளும் முதன்மையான இடைவெளி இதுவே.

கடைசி மருந்து

கோலிஸ்டின் புதிய மருந்து அன்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்தை, சிறுநீரகத்தைப் பாதிக்கும் தன்மை காரணமாக மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டிருந்தனர். கார்பாபெனம் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் மருத்துவமனைகளில் பரவத் தொடங்கிய பின், வேறு வழியின்றி அது மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்தது. இரத்தத் தொற்றுடன் போராடும் நோயாளிக்கு எஞ்சியிருக்கும் ஓரிரு மருந்துகளில் ஒன்றாக அது இன்று கருதப்படுகிறது.

அதே காலத்தில் அம்மருந்து கோழி, பன்றிப் பண்ணைகளில் தீவனத்துடன் கலந்து கொடுக்கப்பட்டு வந்தது. நோய்க்கு மருந்தாக மட்டுமன்றி, குறைந்த தீவனத்தில் விரைவாக எடை கூடுவதற்காகவும் அது பயன்பட்டது. இதன் விளைவு 2015 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. பன்றிகள், கடைகளில் விற்கப்பட்ட கோழி இறைச்சி, மருத்துவமனை நோயாளிகள் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுக்கப்பட்ட பாக்டீரியாக்களில் எம்சிஆர்-1 என்ற மரபணு இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 'லான்செட்' குழும மருத்துவ இதழில் அறிவித்தனர்.

இந்த மரபணு பாக்டீரியாவின் நிறப்புரியில் நிலையாகப் பதிந்து கிடப்பதன்று. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையத்தில் ஏறிப் பயணிக்கக்கூடியது. ஒரு பாக்டீரியா தன் பக்கத்திலிருக்கும் வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் இதைக் கைமாற்றிக் கொடுக்க முடியும். கோழியின் குடலில் தீங்கின்றி வாழும் இ-கோலை பாக்டீரியா, மனிதரின் குடலுக்குள் வந்த பின் அங்குள்ள ஆபத்தான கிருமிக்கு இந்த எதிர்ப்புத் திறனை அளிக்கும் வாய்ப்பு உருவாகிறது.

இதில் ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். இந்திய மருத்துவமனைகளில் காணப்படும் கோலிஸ்டின் எதிர்ப்பில் பெரும்பகுதி, சிகிச்சையின்போது கிருமியின் சொந்த நிறப்புரியில் ஏற்படும் மாற்றங்களால் உருவாவதாகவே ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே மருந்தெதிர்ப்புப் பிரச்சினை முழுவதையும் கோழிப் பண்ணைகளின் மீது சுமத்துவது சரியாகாது. மருத்துவர் சீட்டின்றி மருந்து வாங்குதல், மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டின் குறைபாடு, மருந்து ஆலைக் கழிவுநீர் ஆகியவையும் பெரும் காரணங்கள். ஆனால், நிறப்புரி மாற்றம் அந்தக் கிருமியின் வழித்தோன்றல்களுக்கே சேரும். பிளாஸ்மிட்டில் வரும் எதிர்ப்போ இனம் விட்டு இனம் தாவும். பண்ணைகள் கவலைக்குரியவையாவது இதனால்தான்.

எச்சம் வேறு, எதிர்ப்பு வேறு

பொதுவிவாதங்களில் இரண்டு வேறுபட்ட பிரச்சினைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது, இறைச்சியிலும் முட்டையிலும் தங்கும் மருந்து எச்சம். இரண்டாவது, அம்மருந்துக்குப் பழகி அடங்காமல் போன பாக்டீரியா.

2025 டிசம்பரில் முட்டையில் நைட்ரோஃபியூரான் எச்சம் உள்ளதாகவும் அது புற்றுநோயை உண்டாக்கும் என்றும் சமூக ஊடகங்களில் பரவிய தகவல்கள் இதற்கு அண்மை எடுத்துக்காட்டு. நாட்டில் விற்கப்படும் முட்டைகள் உண்ணப் பாதுகாப்பானவை என்றும், கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவு கண்காணிப்புக்கான வரையறை மட்டுமே, மருந்தைப் பயன்படுத்துவதற்கான அனுமதி அன்று என்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளக்கமளித்தது. அந்த விவாதம் முழுவதும் எச்சத்தைப் பற்றியதாகவே இருந்தது. எதிர்ப்பு பற்றிய பேச்சு அதில் எழவில்லை.

ஒரு பண்ணையில் மருந்து கொடுத்து, உரிய காலம் காத்திருந்து, பின்னர் கோழியை விற்றால் இறைச்சியில் எச்சம் வரம்புக்குள் இருக்கும். ஆய்வகச் சோதனையில் அது தேறிவிடும். ஆனால் அம்மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியாக்கள் கோழியின் குடலிலும், எருவிலும், கொட்டகைத் தரையிலும், பண்ணைத் தொழிலாளியின் கைகளிலும் இருக்கும். எச்சச் சோதனையில் தேறிய கோழி, எதிர்ப்புப் பாக்டீரியா இல்லாத கோழி என்று பொருளல்ல. சட்டத்தின் கவனம் முதலாவதன் மீதே குவிந்திருப்பதால் இரண்டாவது கண்ணில் படாமல் போகிறது.

ஆய்வுகள் சொல்வது

தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் காணப்பட்டது. 17 விழுக்காட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் இருந்தன. அந்த ஆய்வு பரபரப்பை உண்டாக்கியது. கோழித் தொழில்துறை அதனை மறுத்தது.

இரண்டாவது பிரச்சினையை நேரடியாக அளந்தது 2017-இல் வெளியான பஞ்சாப் ஆய்வு. அம்மாநிலத்தின் 18 பண்ணைகளில் 530 கோழிகளிடமிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டு, 1,556 இ-கோலை பாக்டீரியாக்கள் பல மருந்துகளுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டன. பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காத தன்மை மிகப் பரவலாக இருந்தது. பென்சிலின் வகை மருந்துகளையும் செபலோஸ்போரின்களையும் சிதைக்கும் நொதியை உருவாக்கும் பாக்டீரியாக்கள் கறிக்கோழிப் பண்ணைகளில் 87 விழுக்காடாகவும், முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42 விழுக்காடாகவும் பதிவாயின. எடை கூடுவதற்காக ஆன்டிபயாடிக் பயன்படுத்துவதாக மூன்றில் இரு பங்குப் பண்ணைகள் ஒப்புக்கொண்டன.

ஒரே மாநிலம், ஒரே தட்பவெப்பம், ஒரே மருந்துச் சந்தை. எனினும் கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு. வளர்க்கும் முறையைப் பொறுத்து எதிர்ப்பின் அளவு மாறுகிறது என்பதையே இது உணர்த்துகிறது. வளர்ப்பு முறை மாறினால் எதிர்ப்பும் குறையக்கூடும் என்ற நம்பிக்கைக்கும் இதில் இடமுண்டு.

அதே ஆண்டில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் உத்தரப் பிரதேசம், ஹரியாணா, ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய மாநிலங்களின் 12 பண்ணைகளில் கோழி எருவையும் சுற்றுப்புற மண்ணையும் சோதித்தது. எருவில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பரவலாக இருந்தன. பண்ணைக் கழிவு வயலுக்கு உரமாகச் செல்லும்போது அப்பாக்டீரியாக்களும் உடன் செல்வதற்கான சான்றுகளையும் அது முன்வைத்தது. கோழி இறைச்சியையே தொடாத சைவ உணவினருக்கும் இந்தப் பிரச்சினையில் பங்குண்டு என்பது இதன் பொருள்.

28 நாள் விதியும் 40 நாள் கோழியும்

மருந்து கொடுத்த விலங்கின் இறைச்சியோ முட்டையோ எத்தனை நாள் கழித்து உணவுக்கு வரலாம் என்பதை மருந்தின் உறையில் அச்சிட வேண்டும் என 2012-இல் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகள் திருத்தப்பட்டன. உற்பத்தியாளர் ஆய்வு செய்து உறுதிப்படுத்திய காலவரையறை இல்லாவிடில், முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் இடைவெளி விட வேண்டும் என்பது விதி.

இந்தியாவில் ஒரு கறிக்கோழி ஏறத்தாழ 35 முதல் 42 நாள்களில் விற்பனை எடையை எட்டிவிடுகிறது. 28 நாள் விதி பொருந்தும் மருந்தை 40 நாள் வாழும் கோழிக்குக் கொடுக்க வேண்டுமானால், 12-ஆம் நாளுக்குள் அதை நிறுத்தியாக வேண்டும். கோழிகளைத் தாக்கும் சுவாச நோய்களும் இ-கோலை தொற்றும் மூன்றாவது வாரத்துக்குப் பிறகும் வருவது வழக்கம். அந்நிலையில் பண்ணையாளர் முன் இருப்பவை இரண்டு வழிகள்: மருந்து கொடுத்து, தீவனச் செலவைத் தாங்கி, விற்பனையைத் தள்ளிப்போடுவது, அல்லது விதியை மறந்துவிட்டு உரிய நாளில் கோழிகளை ஏற்றி அனுப்புவது. ஒவ்வொரு கூடுதல் நாளும் நட்டத்தைக் கூட்டும் தொழிலில், எவரும் வந்து பார்க்காத விதி எவ்வளவு தூரம் பின்பற்றப்படும் என்பது கேள்விக்குறியே.

தீவனம் தொடர்பான நிலையும் இத்தகையதே. வளர்ச்சி ஊக்கியாக ஆன்டிபயாடிக் கலக்கக் கூடாது என்ற கருத்து 2007-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கோழித் தீவனத் தரத்திலேயே இடம்பெற்றது. ஆனால் அத்தரம் கட்டாயமன்று. 2014-இல் மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு அனுப்பியதும் அறிவுரையாகவே இருந்தது.

முடிவெடுப்பவர் யார்?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 85.18 கோடி கோழியினப் பறவைகள் உள்ளன. அவற்றில் 53 கோடிக்கும் மேற்பட்டவை வணிகப் பண்ணைகளைச் சேர்ந்தவை. 12 கோடிக்கும் மேற்பட்ட பறவைகளுடன் தமிழ்நாடு முதலிடத்தில் உள்ளது. நாமக்கல் முட்டைக்கும், பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றவை.

கோயம்புத்தூர், பல்லடம் பகுதிகளில் வேரூன்றி நாடெங்கும் பரவிய ஒப்பந்தப் பண்ணை முறையில், கோழிக்குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனமே வழங்குகிறது. கொட்டகை, மின்சாரம், தண்ணீர், தேங்காய் நார்க்கழிவுப் படுக்கை, உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. வளர்ந்த கோழியின் எடைக்கேற்ப அவருக்கு வளர்ப்புக் கூலி கிடைக்கும். இறப்பு கூடினாலோ, தீவனம் தின்ற அளவுக்கு எடை ஏறாவிட்டாலோ கூலி குறையும்.

இம்முறையில் தீவன மூட்டைக்குள் என்ன கலந்துள்ளது என்பது பல வேளைகளில் வளர்ப்பவருக்கே தெரிவதில்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் அவரல்லர். ஆனால் எருவை அள்ளுவதும், தூசியைச் சுவாசிப்பதும், அதே கொட்டகைக்கு அருகில் குழந்தைகளை வளர்ப்பதும் அவர்தான். ஆகவே பண்ணையாளரிடம் விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுப்பதோடு பொறுப்பு முடிந்துவிடாது. தீவன ஆலை, மருந்து மொத்த விற்பனையாளர், ஒப்பந்த நிறுவனம் ஆகிய மூன்று இடங்களிலும் கணக்குக் கேட்டால்தான் மருந்தின் பாதை தெரியவரும்.

தொழில்துறையின் தரப்பிலும் நியாயமான கவலை இருக்கிறது. நோயுற்ற பறவைக்குச் சிகிச்சை மறுக்க முடியாது. திடீரென மருந்தை நிறுத்தினால் இறப்பு கூடும். சிறு பண்ணைகள் முதலில் மூடப்படும். தடுப்பூசி, கொட்டகைகளில் நெருக்கத்தைக் குறைத்தல், ஒரு தொகுதிக் கோழிகளை ஏற்றிய பின் அடுத்த தொகுதி வரும் வரை கொட்டகையைக் காலியாக வைத்துச் சுத்தம் செய்தல், குளோரின் கலந்த குடிநீர், வெளியாள்கள் நுழைவதைத் தடுத்தல், நன்மை தரும் நுண்ணுயிரிகளைத் தீவனத்தில் சேர்த்தல் ஆகியவை மாற்று வழிகளாக அறியப்பட்டவை. இவை அனைத்துக்கும் முதலீடு வேண்டும். தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக், இந்தச் செலவுகளைத் தவிர்க்க உதவும் மலிவான குறுக்குவழியாகவே இதுவரை இருந்து வந்துள்ளது.

சீனா காட்டிய வழி

தடை பயன் தருமா என்ற ஐயத்துக்கு, எம்சிஆர்-1 முதலில் கண்டறியப்பட்ட சீனாவிலிருந்தே பதில் கிடைத்தது. வளர்ச்சி ஊக்கியாகக் கோலிஸ்டினைப் பயன்படுத்துவதை அந்நாடு 2017 ஏப்ரல் இறுதியில் நிறுத்தியது. தீவனத்தில் கலப்பதற்கான கோலிஸ்டின் கலவையின் உற்பத்தி 2015-இல் 27,170 டன்னாக இருந்தது. 2018-இல் 2,497 டன்னாகச் சரிந்தது. கோழிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத இ-கோலை 18.1 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகவும், பன்றிகளில் 34 விழுக்காட்டிலிருந்து 5.1 விழுக்காடாகவும் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது சரிவு மட்டுமன்று. எத்தனை டன் உற்பத்தியானது என்பதும், எத்தனை விழுக்காடு பாக்டீரியா எதிர்த்தது என்பதும் தடைக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டிருந்தன. அதனால்தான் தடை பலித்தது என்று சொல்ல முடிந்தது. டென்மார்க் 1995 முதல் மருந்துப் பயன்பாட்டையும் எதிர்ப்பையும் ஒருசேரக் கணக்கிட்டு ஆண்டறிக்கை வெளியிடுகிறது. 25 ஐரோப்பிய நாடுகளில் உணவுக்கான விலங்குகளுக்குரிய ஆன்டிபயாடிக் விற்பனை 2011 முதல் 2022 வரை 53 விழுக்காடு குறைந்ததாக ஐரோப்பிய மருந்துகள் முகமை கணக்கிட்டுள்ளது. நோயில்லாத மந்தைக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் தடை செய்தது.

இந்தியாவில் கோலிஸ்டின் தடைக்குப் பின் அதன் எதிர்ப்பு கூடியதா, குறைந்ததா என்பதை இதேபோல் நாடு தழுவிய எண்களைக் கொண்டு உறுதியாகச் சொல்லும் நிலை இல்லை.

திட்டம் உண்டு, தரவு வேண்டும்

இந்தியா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்றும் கூற முடியாது. மருந்தெதிர்ப்புக்கான முதல் தேசியச் செயல் திட்டம் 2017-இல் வந்தது. கேரளம் 2018-இல் நாட்டிலேயே முதலாவதாக மாநிலச் செயல் திட்டத்தை வெளியிட்டது. கால்நடைகளிலும் மீன்களிலும் காணப்படும் எதிர்ப்பைக் கண்காணிக்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் துணையுடன் ஆய்வக வலையமைப்பை நடத்துகிறது. கால்நடை மருத்துவர்களுக்கான சிகிச்சை வழிகாட்டு நெறிகள் 2024-இல் வெளியாயின. 2025 முதல் 2029 வரைக்கான இரண்டாவது தேசியச் செயல் திட்டம் 2025 நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆயினும் கால்நடைப் பராமரிப்பும் பொதுச் சுகாதாரமும் மாநிலங்களின் பொறுப்பில் உள்ளவை. மருந்து உரிமம் ஒரு துறையிடமும், உணவுச் சோதனை மற்றொரு துறையிடமும், பண்ணைகள் மூன்றாவது துறையிடமும், எருவும் கழிவுநீரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் உள்ளன. கோழிக்குஞ்சு கொட்டகைக்கு வருவது முதல் இறைச்சி தட்டுக்கு வருவது வரையிலான பயணத்தை முழுமையாகப் பார்க்கும் ஒற்றை அமைப்பு இல்லை.

இந்த இடைவெளியை அடைக்க முதல் படியாகத் தேவைப்படுவது புதிய தடையன்று. கால்நடை மருந்து உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் ஆண்டுதோறும் எந்த மருந்தை, எவ்வளவு, எந்த மாநிலத்தில் விற்றனர் என்பதைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் செய்வதும், அத்தொகுப்பைப் பொதுவெளியில் வைப்பதுமே அந்தப் படி. இரண்டாவதாக, எச்சத்துக்காக எடுக்கப்படும் இறைச்சி மாதிரிகளில் ஒரு பகுதியையேனும் எதிர்ப்புப் பாக்டீரியாவுக்காகவும் சோதிக்கலாம். மூன்றாவதாக, தீவன மூட்டையின் மீது அதில் உள்ள மருந்துகளின் பெயர் வட்டார மொழியில் அச்சிடப்பட்டால், வளர்ப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையாவது கிடைக்கும்.

சமையலறையில் கவனம்

நுகர்வோர் கோழி இறைச்சியையோ முட்டையையோ அஞ்சி ஒதுக்கத் தேவையில்லை. மலிவான புரத உணவாக முட்டைக்கு உள்ள இடம் முக்கியமானது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் வெப்பத்துக்கு அடங்கும். நன்றாக வேகவைத்த இறைச்சியில் அது உயிர்வாழாது. ஆபத்து சமைப்பதற்கு முந்தைய நிமிடங்களில் உள்ளது. பச்சை இறைச்சியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் நீர், அதே கத்தியாலும் பலகையாலும் வெங்காயம், வெள்ளரி நறுக்குதல், கை கழுவாமல் குழந்தைக்கு உணவு ஊட்டுதல் ஆகியவையே பாக்டீரியா வீட்டுக்குள் பரவும் வழிகள். இறைச்சிக்குத் தனிப் பலகை, சோப்புப் போட்டுக் கை கழுவுதல், அரைவேக்காட்டு முட்டையைத் தவிர்த்தல் ஆகியவை எந்த வீட்டிலும் கடைப்பிடிக்கக்கூடியவை.

வீட்டுச் சமையலறையின் தூய்மை ஒரு குடும்பத்தைக் காக்கலாம். எருவழியே வயலுக்கும் நீர்நிலைக்கும் செல்லும் பாக்டீரியாவை அது தடுக்காது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் நேரடிக் காரணமாக 2019-இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.97 லட்சம் பேர் இறந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அவற்றில் எத்தனை இறப்புகளுக்குப் பண்ணையில் பயன்படுத்திய மருந்து காரணம் என்று பிரித்துச் சொல்வதற்கான தரவு நாட்டில் திரட்டப்படவில்லை. இரண்டாவது செயல் திட்டம் முடிவடையும் 2029-க்குள் அந்தக் கணக்கு தொடங்கப்படாவிட்டால், கோலிஸ்டின் தடை பலித்ததா என்பதைப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஊகமாகவே பேச வேண்டியிருக்கும்.